பேரவைத் தலைமை யார் தெரிவு?

நிலாவெளிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் தொழிலாளர்கள், தங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவரைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெயர் முன்மொழியப்படுகிறது, வழிமொழியப்படுகிறது, போட்டி இருந்தால் வாக்கெடுப்பு நடக்கிறது. வள்ளமும் வலையும் உடைய சம்மாட்டிக்கும் ஒரு வாக்கு. கயிறு பிடித்து இழுக்கும் கூலியாளுக்கும் ஒரு வாக்கு. சம்மாட்டியின் செல்வாக்கு அங்கே செல்லாது என்று நாம் சொல்லவில்லை. கடன்பட்டவனின் கை, கடன் கொடுத்தவனின் முகத்தைப் பார்த்து உயர்வதும் உண்டு. ஆயினும் தலைவரைத் தெரிவது அவர்களுடைய உரிமை. அந்த உரிமையை அவர்களிடமிருந்து எவரும் கேட்டு வாங்கிக்கொண்டதில்லை.

அதே கரையோரத்தில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடலும் வணிகமும் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. பட்டங்கள் பல பெற்ற அறிஞர்கள் அங்கே இருக்கிறார்கள். தங்கள் பல்கலைக்கழகப் பேரவைக்கு யார் தலைமை தாங்குவது என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டா? இல்லை. எழுத்தறியாத வலைத் தொழிலாளிக்கு உள்ள உரிமை, ஏடறிந்த பேராசிரியருக்கு இல்லை. இந்த முரண்பாட்டைத்தான் நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே இன்றைய அமைப்பின் அடித்தளம். அதன்படி பல்கலைக்கழகத்தின் ஆளும் சபை பேரவை. கல்வி விடயங்களைக் கவனிப்பது மூதவை. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே, அவர்தாம் துணைவேந்தர். பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். அம்மூவருள் ஒருவரை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சிபார்சின்மேல், நாட்டின் ஜனாதிபதி மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பார். பேரவையில் முதலிடம் பெற்றவரே நியமிக்கப்பட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்றாமவரும் தலைவராகலாம்.

பேரவைதானே பெயர்களைப் பரிந்துரைக்கிறது, அது ஒருவகைத் தேர்தல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேரவை யாரால் ஆனது? துணைவேந்தர், வளாக முதல்வர், பீடாதிபதிகள், மூதவை தன்னிலிருந்து தெரிவு செய்யும் இருவர் - இவர்கள் உள்ளிருப்போர். இவர்களுக்கு எதிர்ப்புறத்தில், கல்வி, வாணிபம், கைத்தொழில், நிர்வாகம் முதலிய துறைகளில் சேவை செய்தவர்கள் என்ற பெயரில், மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாரின் தொகை வருகிறது. அது எவ்வளவு? உள்ளிருப்போர் எத்தனை பேரோ அத்தனை பேர். அதற்குமேல் இன்னும் ஒருவர்! உள்ளே பன்னிருவர் என்று கொண்டால், வெளியார் பதின்மூவர்.

இந்த ‘இன்னும் ஒருவர்’ எதற்காக? வெளியுலகின் அறிவும் அனுபவமும் பல்கலைக்கழகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கமாயின், ஐவர் போதும், அறுவர் போதும். அறிவுரை சொல்லப் பெரும்பான்மை தேவையில்லை. ஆட்சி செய்யத்தான் பெரும்பான்மை தேவை. உள்ளிருப்போர் அனைவரும் ஒருமனதாக நின்றாலும் தோற்கும்படி வகுக்கப்பட்ட கணக்கு இது. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இந்தக் கூட்டல் கணக்கில்தான் நமது உயர்கல்வியின் சுதந்திரம் கழிபட்டுப் போயிற்று.

இனி அந்த ஆணைக்குழுவின் உறுப்பினரை நியமிப்பவர் யார்? ஜனாதிபதி. அவர் நியமித்த ஆணைக்குழு பேரவையின் பெரும்பான்மையை நியமிக்கிறது. அந்தப் பெரும்பான்மை மூன்று பெயர்களை மேலே அனுப்புகிறது. ஆணைக்குழு சிபார்சு செய்கிறது. ஜனாதிபதி ஒருவரை நியமிக்கிறார். கரைவலைக்கு இரண்டு கயிறுகள். கரையில் இரண்டு அணிகள் நின்று இழுத்தால்தான் வலை வரும். இங்கே இரண்டு கயிறும் ஒரே கையில் இருக்கின்றன. இடையில் அகப்பட்ட மீன்களுக்கு ‘பரிந்துரை’ என்றும் ‘தெரிவு’ என்றும் பெயர் சூட்டினால் அவை சுதந்திரமாக நீந்துகின்றன என்று ஆகிவிடுமா?

இந்த அமைப்பில் உண்மையான வாக்கெடுப்பு ஒன்று இல்லாமலில்லை. பீடாதிபதியைப் பீடச் சபை வாக்களித்துத் தெரிவு செய்கிறது. மூதவையின் பிரதிநிதிகள் இருவரும் தெரிவாகிறவர்களே. அப்படியானால் பேராசிரியர்களுக்கு வாக்களிக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. பீடத்துக்குத் தலைவரைத் தெரிய அறிவு போதும். பல்கலைக்கழகத்துக்குத் தலைவரைத் தெரிய அறிவு போதாது என்பது எந்தத் தருக்கம்? அதிகாரம் சிறிதாயிருக்கும் இடத்தில் தேர்தல். அதிகாரம் பெரிதாகும் இடத்தில் நியமனம். இதுவே இச்சட்டத்தின் உள்ளக்கிடக்கை.

எப்பொழுதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆக்கப்பட்ட சட்டத்தில், துணைவேந்தரைத் தெரிவு செய்யும் பொறுப்பு பல்கலைக்கழக மன்றத்திடம் இருந்தது. ‘கோர்ட்’ என்று வழங்கிய அந்த மன்றம் பொதுமக்கள் சபையன்று. பிரமுகர்களும் பட்டம் பெற்றோரும் நிரம்பிய மேட்டுக்குடிச் சபை அது. அதைப் பொற்காலமென்று போற்ற நாம் ஆயத்தமாக இல்லை. ஆனால் வாக்கு என்ற ஒன்று பல்கலைக்கழகத்தின் மதிலுக்குள்ளே இருந்தது. இரியகொல்ல கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் வந்த 1966ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் அதை மதிலுக்கு வெளியே கொண்டுபோயிற்று.

1972இல் வந்த சட்டமோ நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அவற்றை வளாகங்களென்று பெயர் மாற்றி, மத்தியிலிருந்து ஆண்டது. இதைக் கொண்டுவந்தது யாருடைய அரசாங்கம்? இடதுசாரிக் கட்சிகள் பங்கு கொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம். இதை மறைத்துவிட்டு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் சாடுவது நேர்மையாகாது. நல்லவர்கள் ஆட்சியில் இருக்கையில் அதிகாரத்தை மேலே குவித்தால் நன்மையே விளையும் என்ற மயக்கம் முற்போக்காளர் பலருக்கு அன்று இருந்தது. விளைவு என்ன? 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி நியமிக்கப்பட்டார். அவருடைய புலமையைப் பற்றியோ, சமுதாயப் பற்றைப் பற்றியோ இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1977இல் ஆட்சி மாறிய ஆண்டிலேயே அத்தலைமையும் மாறியது. மேலிருந்து வந்தது மேலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். தக்கவர் ஒருவர் வந்தமர்ந்தார் என்பது, அவர் வந்த வழி செம்மையானது என்பதற்குச் சான்றாகாது.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிற்காலத்தில் கையாண்ட அரசுகளும் இதையே மெய்ப்பித்தன. 2019 ஏப்ரல் 30ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜனாதிபதியின் கடிதத்தால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தகுதிவாய்ந்த அதிகாரி என்ற பெயரில் ஒருவர் அமர்த்தப்பட்டார். அடுத்த துணைவேந்தர் வர 2020 ஆகஸ்ட் ஆயிற்று. நீக்கப்பட்டவர் தக்கவரா, தகாதவரா என்பது இங்கே கேள்வியன்று. அவரோடு பணியாற்றிய நூற்றுக்கணக்கான ஆசிரியர்களிடமும், ஆயிரக்கணக்கான மாணவர்களிடமும் ஒரு சொல் கேட்காமலே அவரை வைக்கவும் முடிந்தது, எடுக்கவும் முடிந்தது என்பதே கேள்வி.

கிழக்குப் பல்கலைக்கழகம் கண்டது இதனினும் கொடிது. அதன் துணைவேந்தராயிருந்த பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத், 2006 டிசம்பர் 15ஆம் திகதி, கொழும்பில் விஞ்ஞான மாநாடு ஒன்றிற்குச் சென்றவர், திரும்பி வரவில்லை. போரின் குரூரம் அது. அதைச் சட்டத்தின் ஒரு பிரிவோடு முடிச்சுப் போட்டு எளிதாக்க மாட்டோம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகத் தலைமை என்பது வெளியே உள்ள அதிகாரங்கள் தமக்குள் பிடித்து இழுக்கும் பொருளாகிவிட்ட நாட்டில், அந்த ஆசனத்தில் அமர்பவரின் பின்னால் நிற்பதற்கு ஒரு சமூகம் வேண்டும். அவரைத் தெரிந்தெடுத்த சமூகமே அவருக்காக எழுந்து நிற்கும்.

திருகோணமலை வளாகத்தின் நிலை இரட்டைத் தொலைவு. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்து, 2001இல் வளாகமானது அது. பேரவை கூடும் வந்தாறுமூலையோ நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். வளாகத்தின் முதல்வர் பேரவையில் இருக்கிறார், உண்மைதான். ஆனால் அவரும் வளாகத்து ஆசிரியர்கள் வாக்களித்து அமர்த்தியவர் அல்லர். தமது முதல்வரையும் தாம் தெரியாமல், தமது முதல்வர் அமரும் பேரவையின் தலைவரையும் தாம் தெரியாமல், கோணேசபுரியின் விரிவுரையாளர் பாடம் நடத்துகிறார். மாணவர் பரீட்சை எழுதுகிறார்.

இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு இது புதிய அனுபவமன்று. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியது முதல், 1957இல் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை ஒப்படைத்தது வரை, இத்துறைமுகத்தின் விதி இலண்டனில் எழுதப்பட்டது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி 2003இலும் 2022இலும் ஏற்பட்ட உடன்பாடுகள் கொழும்பிலும் டில்லியிலும் பேசி முடிக்கப்பட்டவை. இங்கே மீன் பிடிப்பவனும், மூட்டை சுமப்பவனும், படிப்பவனும் முடிவுகளைப் பத்திரிகையில் வாசித்து அறிய வேண்டியவர்களாகவே இருந்துவந்தார்கள். கல்வி நிலையம் ஒன்றாவது இந்த வழக்கத்தை உடைக்க வேண்டாமா? தன்னைத் தானே ஆளத் தெரியாத கல்வி நிலையம், தன்னைச் சூழ்ந்துள்ள மக்களுக்கு எந்த ஆட்சிமுறையைக் கற்பிக்கப் போகிறது?

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். அவற்றுள் சில கனமானவை.

தேர்தல் வைத்தால் பல்கலைக்கழகத்துக்குள் அரசியல் புகும் என்பது முதல் வாதம். புகுவதற்கு இனி என்ன இருக்கிறது? அரசியல் உள்ளேதான் இருக்கிறது. கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. ஆட்சி மாறுந்தோறும் பேரவைகளின் வெளியுறுப்பினர்கள் மாறுவதை நாடறியும். வாக்குச் சேகரிப்பது இழிவு, சிபார்சுக் கடிதம் சேகரிப்பது கண்ணியம் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

பணம் அரசாங்கத்தினுடையது, ஆகவே தலைமையை அரசாங்கமே தீர்மானிக்க வேண்டும் என்பது இரண்டாவது வாதம். பணம் அரசாங்கத்தினுடையதன்று, மக்களுடையது. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி இந்நாட்டு மக்களின் உரிமையாயிற்று; எந்த அமைச்சரும் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்ததன்று அது. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார்; பாராளுமன்றத்தின் கோப் குழு இருக்கிறது. அவர்கள் கேட்கட்டும்; ஒவ்வொரு சதத்துக்கும் கேட்கட்டும். கணக்குக் கேட்பது வேறு, கணக்கப்பிள்ளையைத் தன் ஆளாக வைத்துக்கொள்வது வேறு.

மூன்றாவது வாதமே கடினமானது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. வளாகத்திலும் மூவினத்தாரும் படிக்கிறார்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் அது தலையெண்ணும் இனக் கணக்காகிவிடாதா? சாதிக் கணக்கும் பிரதேசக் கணக்கும் அதோடு சேராதா? சேரலாம். கற்றவர் என்பதால் ஒருவர் இப்பிணிகளிலிருந்து விடுபட்டவராகிவிடுவதில்லை. படித்தவனின் சாதி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரும். ஆனால் நியமன முறை இப்பிணியைத் தீர்த்ததா? எந்த இனத்தவர் நியமிக்கப்பட்டாலும் ‘இது அவர்கள் ஆள்’ என்ற முணுமுணுப்பை அது வளர்த்தேயிருக்கிறது. ஏன் அவர், ஏன் இவரல்லர் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லாததால். ஒரேயொரு கையொப்பம் தேவைப்படுகிறவர், ஒருவரைத் திருப்திப்படுத்தினால் போதும். மூவினத்தாரின் வாக்கும் தேவைப்படுகிறவர், மூவினத்தாரிடமும் போய் நின்று, அவரவர் மொழியில் பதில் சொல்ல வேண்டும். எந்தக் குழுவிலும் ஒரு குறிப்பிட்ட அளவு ஆதரவேனும் பெறாதவர் வெற்றி பெற முடியாதென்று விதி வகுப்பதும் அரிதன்று.

உலகம் இதை முன்பே கண்டிருக்கிறது. இடைக்காலத்துப் பொலோஞாவில் மாணவர் கூட்டங்களே பல்கலைக்கழகத்தின் தலைவரைத் தெரிவு செய்தன. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1918 ஜூன் 15ஆம் திகதி, ஆர்ஜென்டீனாவின் கோர்டோபா நகரில், பழமைவாதிகளின் வேட்பாளரான அந்தோனியோ நோரெஸைப் பல்கலைக்கழகச் சபை தலைவராகத் தெரிந்தபோது, மாணவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்து கூட்டத்தைக் குலைத்தார்கள், வேலைநிறுத்தம் அறிவித்தார்கள், ஜூன் 21இல் தங்கள் பிரகடனத்தை வெளியிட்டார்கள். ஆசிரியர், மாணவர், பட்டதாரிகள் ஆகியோர் சேர்ந்து பல்கலைக்கழகத்தை ஆள்வது என்ற கொள்கை அங்கிருந்து இலத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது. நோரெஸும் ஒரு சபையின் வாக்கால் வந்தவர்தாம் என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்கு இருந்தால் மட்டும் போதாது. வாக்காளர் யார் என்பதே முதற்கேள்வி என்று கோர்டோபா மாணவர்கள் உலகுக்குக் காட்டினார்கள்.

நம்மவர் சிலர், தேர்தல் நமக்குப் புதிதா, சோழர் காலத்திலேயே குடவோலை கண்டவர்கள் அல்லவா நாம் என்று மார்தட்டுவார்கள். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை வாசித்தால், அது பெரும்பான்மை வாக்கன்று, குடத்திலிருந்து எடுக்கும் திருவுளச் சீட்டு என்பது விளங்கும். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவருக்கே அக்குடத்தில் இடம், உழுதவனுக்கு இல்லை. ஆயினும் அதில் ஒரு விதி நமக்கு உகந்தது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனின் பெயரும், அவன் உறவினரின் பெயரும் குடத்தில் இடப்படலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய இந்த விதியையேனும் நமது பேரவைகள் தாளில் எழுதிக்கொண்டால் போதும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் துணைவேந்தர் நியமனம் பெரும் போராட்டமாகியிருக்கிறது. ஆளுநரிடமிருந்த நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்ற 2022இல் சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. அவை கிடப்பில் போடப்பட்டன. 2025 ஏப்ரல் 8ஆம் திகதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதன்பின் மேலும் வழக்கு என்று அது நீண்டது. மக்கள் தெரிந்த அரசுக்கும், மக்கள் தெரியாத ஆளுநருக்கும் இடையில் நம் ஆதரவு யாருக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் ராஜ்பவனின் கையா, கோட்டையின் கையா என்று நடக்கும் அந்த வாதத்திலும் ஆசிரியரின் கையைக் காணோம். மாணவரின் கையைக் காணோம்.

நம் நாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2012இல் தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி, பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. அந்தச் சம்மேளனத்தின் தலைவரைத் தெரிவு செய்தவர்கள் ஆசிரியர்களே, அமைச்சர் அல்லர். அந்தத் தெரிவு செல்லும், அந்தத் தலைமையின்கீழ்த் தெருவில் இறங்கலாம் என்றால், பேரவையின் ஆசனத்துக்கு மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? ஆசிரியர்கள் தமக்கு மட்டும் வாக்குக் கேட்பதும் தகாது. பீடச் சபையில் மாணவர் இருவருக்கு இடமளித்த சட்டம், பேரவையில் ஒரு மாணவருக்கும் இடமளிக்கவில்லை. ஆய்வுகூடத்தைத் திறப்பவனும், விடுதியைக் கூட்டுபவளும், ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமோ என்று அஞ்சியிருக்கும் தற்காலிக விரிவுரையாளரும் அந்தக் கணக்கில் இல்லை. பேராசிரியர்கள் மட்டும் வாக்களித்துப் பேராசிரியர் ஒருவரைத் தெரிவது, மேட்டுக்குடி மன்றத்தை மீண்டும் திறப்பதாகவே முடியும்.

ஆகவே நாம் கோருவது இவை:

ஒன்று: பேரவையின் தலைவராகும் துணைவேந்தரை, ஆசிரியர், ஊழியர், மாணவர் ஆகிய மூன்று பிரிவினரும் உரிய விகிதத்தில் மறைவாக்கு அளித்துத் தெரிய வேண்டும். அத்தெரிவை உறுதிசெய்வது மட்டுமே ஜனாதிபதியின் பணியாயிருக்க வேண்டும்.

இரண்டு: ‘இன்னும் ஒருவர்’ என்ற கணக்கு ஒழிய வேண்டும். வெளியார் சிறுபான்மையாக இருக்கட்டும். அவர்களுள் அந்தந்த மாவட்டத்துத் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பாடசாலை ஆசிரியர்களும் அனுப்புகிறவர்களும் இருக்கட்டும். கரைவலைச் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் பேரவையில் அமர்ந்தால் கல்வியின் தரம் குறைந்துவிடாது. கடலைப் பற்றிய ஆராய்ச்சியாவது கடலைப் பார்த்து நடக்கும்.

மூன்று: வளாக முதல்வரை வளாகமே தெரிய வேண்டும்.

நான்கு: வேட்பாளரின் திட்டம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடப்பட வேண்டும். பதவியில் இருப்பவர் ஆண்டுதோறும் பொது அவையில் கணக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்களுக்குத் திருப்பியழைக்கும் உரிமையும் வேண்டும்.

இவை ஒரே நாளில் கிட்டா என்பதை அறிவோம். சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் வேண்டும். ஆனால் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் ஆசிரியர் சங்கமும் ஊழியர் சங்கமும் மாணவர் ஒன்றியமும் பொதுமேடைக்கு அழைக்கட்டும், கேள்வி கேட்கட்டும், தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, முடிவை ஊரறியச் சொல்லட்டும். அதன்பின் மேலே இருப்பவர்கள் வேறொருவரை நியமிக்க விரும்பினால் நியமிக்கட்டும். ஏன் நியமித்தோம் என்ற கேள்விக்கு அவர்கள் முதன்முறையாகப் பதில் தேட வேண்டியிருக்கும். அந்த வாக்குப் பெட்டியைக் கோணேசபுரியிலேயே முதலில் வைக்கலாம். வாக்கெடுப்பு நடத்தும் முறை தெரியவில்லையென்றால், பக்கத்துக் கடற்கரையில் கேட்டால் சொல்லித் தருவார்கள்.